சிப் கார்விங் செய்த மரத்துக்கு ஸ்டெயினா, இயற்கை நிறமா?

பலகையில் வேலை முடிந்துவிட்டது, கடைசிச் சில்லையும் எடுத்தாயிற்று. இனி என்ன பூசுவது என்று தெரியாமல் அதை அலமாரியில் வைத்துவிட்டு வாரக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். வரும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: ஸ்டெயின், அதாவது மரத்துக்கு நிறம் ஏற்றும் திரவம், போட்டால் எடுப்பாக இருக்குமா, இல்லை எண்ணெயோ பாலிஷோ போட்டு மர நிறத்திலேயே விட்டுவிடலாமா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெளிர் நிற மரம் என்றால் இயற்கை நிறத்திலிருந்து தொடங்குங்கள். ஸ்டெயின்தான் வேண்டும் என்று தோன்றினால் சீலர் (மரத்தின் நுண்துளைகளை அடைக்கும் மெல்லிய பூச்சு) போட்ட பிறகு போடுங்கள், வெறும் மரத்தின் மேல் நேராகப் போடாதீர்கள். இதற்கான காரணங்களும், இதற்கு விதிவிலக்கான இடங்களும் கீழே வருகின்றன.

கதவுக்கோ மேசைக்கோ பாலிஷ் தேர்ந்தெடுப்பது போல இதைப் பார்க்கக் கூடாது. சிப் கார்விங்கில் கத்தி ஏறக்குறைய 65 டிகிரி சாய்வில் இறங்குகிறது, இரண்டு மூன்று வெட்டில் ஒரு சில்லு வெளியே வந்துவிடுகிறது. அந்தப் பள்ளத்தின் ஒரு சுவர் வெளிச்சத்தை வாங்கும், எதிர்ச்சுவர் நிழலில் நிற்கும். நம் கண்ணுக்குத் தெரியும் பூவும் நட்சத்திரமும் எழுத்தும் முழுக்க அந்த நிழலால் ஆனவை. அதனால் டப்பாவில் ஒட்டியிருக்கும் வண்ண அட்டையைப் பார்த்து முடிவு எடுப்பதில் பயனில்லை. இந்தப் பூச்சு நிழலுக்குத் துணையா, எதிரியா என்றுதான் பார்க்க வேண்டும்.

## எதை வைத்து முடிவு செய்வது

முதலில் மரம். இந்த வேலைக்கு ஐரோப்பாவில் லிண்டன் மரத்தையும், அமெரிக்காவில் அதன் சொந்தக்கார மரமான பாஸ்வுட்டையும் எடுப்பது வழக்கம். ஆன்லைனில் வாங்குகிறவர்களுக்கு இங்கேயும் பெரும்பாலும் பாஸ்வுட்தான் கிடைக்கிறது. உள்ளூர் மரம் என்றால் சென்னப்பட்டணா பொம்மை செய்கிற வெட்பாலை இருக்கிறது, குமிழும் இருக்கிறது. எல்லாமே வெளிர் நிறம், நிறம் ஏற்றிப் பார்க்கலாமே என்ற ஆசை வருவதும் இவற்றில்தான். தேக்கு, பட்டர்நட் போலத் தானாகவே நிறம் உள்ள மரத்தில் செதுக்கியிருந்தால் ஸ்டெயின் பேச்சே வேண்டாம், நேராக இயற்கை நிறப் பகுதிக்குப் போய்விடுங்கள். (தேக்கில் சிப் கார்விங் செய்வது சிரமம் என்பது வேறு கதை. அதில் இருக்கும் சிலிக்கா கத்தி முனையைச் சீக்கிரம் மழுக்கிவிடும்.)

இரண்டாவது வெளிச்சம். இதைத்தான் யாரும் கேட்பதில்லை, ஆனால் எனக்கு இதுதான் பாதி முடிவு. ஜன்னலுக்குப் பக்கவாட்டுச் சுவரில் தொங்கப்போகும் பலகையில் வெளிச்சம் சாய்வாக விழும். 3 மில்லிமீட்டர் ஆழமுள்ள பள்ளம்கூட அங்கே நல்ல கறுப்பு நிழல் தரும். எதிர்ச்சுவரில் டியூப் லைட் எரிகிற கூடத்தில் அதே பலகையை மாட்டினால் வெளிச்சம் முகத்துக்கு நேராக அடித்து எல்லாப் பள்ளத்தையும் நிரப்பிவிடும். வேலை மொத்தமும் தட்டையாகி, எட்ட நின்று பார்க்கிறவருக்கு வெறும் பலகையாகத்தான் தெரியும். நிழல் தானாக விழாத இடத்தில் கொஞ்சம் நிறத்தால் நிழலை உண்டாக்கிக் கொடுப்பது நியாயமான தேவை. ஸ்டெயினுக்கு நான் ஒப்புக்கொள்கிற முதல் காரணம் அதுதான்.

மூன்றாவது புழக்கம். சுவரில் தொங்குவதற்கும், தினமும் கை படும் நகைப்பெட்டிக்கும், சாப்பாட்டில் படும் மரக்கரண்டிக்கும் ஒரே பூச்சு சரிவராது.

நான்காவது, செதுக்கல் எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்பது. பென்சில் கோடு மிச்சம் இருக்கிறதா, உடைந்த முனையைப் பசை வைத்து ஒட்டியிருக்கிறீர்களா, பள்ளத்தின் அடியில் நார் நீட்டிக்கொண்டிருக்கிறதா? ஒவ்வொரு குறையையும் ஒரு பூச்சு மறைக்கும், இன்னொன்று ஊருக்கே காட்டும்.

கடைசியாக, பின்வாங்க வழி இருக்கிறதா. மேசைப் பலகையில் நிறம் கெட்டால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறுபடி தொடங்கலாம். சிப் கார்விங்கில் அது முடியாது. இரண்டு பள்ளங்களுக்கு இடையே நிற்கும் அந்தக் கூரான வரம்புதான் வேலையின் உயிர், உப்புத்தாள் பட்டதும் அது மழுங்கிப்போகும். 220 நம்பர் வரை தேய்க்க வேண்டியதையெல்லாம் செதுக்குவதற்கு முன்பே தேய்த்துவிட வேண்டும், அதற்குப் பிறகு தாளைத் தொடவே கூடாது. ஆகவே போட்ட பூச்சைத் திரும்ப எடுக்க முடியாது என்று நினைத்துக்கொண்டேதான் இங்கே எதையும் பூச வேண்டும்.

## வெறும் மரத்தில் ஸ்டெயின் என்ன செய்கிறது

காம்பஸ் வைத்து வரைகிற ஆறு இதழ்ப் பூவை எடுத்துக்கொள்ளுங்கள், எல்லோரும் முதலில் செதுக்குவது அதைத்தான். ஒவ்வொரு இதழிலும் இரண்டு சரிவுகள், நடுவே ஒரு கோடாகச் சந்திக்கும். மேலும் கீழும் இருக்கிற இரண்டு இதழ்கள் மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த இரண்டிலும் கத்தி இழைகளின் போக்கிலேயே போயிருக்கும், இழைகள் வெட்டுப்பட்டு வாய் திறந்திருக்காது. மற்ற நான்கு இதழ்களும் ரேகைக்கு 60 டிகிரி சாய்வில் இருக்கின்றன. அங்கே கத்தி இழைகளைக் குறுக்கே அறுத்திருக்கும், ஒவ்வொரு இழையும் திறந்த குழாய் வாயாக நிற்கும்.

இப்போது ஸ்டெயினைத் தடவினால் குழாய் வாய்கள் அதை உறிஞ்சி நான்கு இதழ்கள் கருத்துப்போகும், மேலும் கீழும் இருக்கும் இரண்டு மட்டும் வெளிறி நிற்கும். ஒரே பூ, இரண்டு மரத்தில் செய்தது போல. அதோடு வெளிச்சம் வாங்க வேண்டிய சரிவு கருத்து, நிழலில் இருக்க வேண்டிய சரிவு வெளுத்து இருந்தால் பள்ளம் பள்ளமாகவே தெரியாது, கண் குழம்பும். பாஸ்வுட்டும் லிண்டனும் தட்டையான மேற்பரப்பிலேயே திட்டுத்திட்டாக ஸ்டெயின் பிடிக்கிற மரங்கள். செதுக்கிய பிறகு அது பல மடங்கு ஆகிறது.

பேக்கிங் பைன் பலகையில் பழகுகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல். பைனில் மென்மையான வெளிர்ப் பட்டைதான் ஸ்டெயினை அதிகம் குடிக்கும், கடினமான கரும்பட்டை குடிக்காது. ரேகை தலைகீழாகி நெகட்டிவ் ஃபிலிம் மாதிரி ஆகிவிடும்.

தண்ணீரில் கரைத்த ஸ்டெயின் என்றால் நாரும் எழும்பும். சாதாரணப் பலகையில் அதைத் தேய்த்து எடுத்துவிடுவோம். இங்கே முடியாது என்பதை மேலேயே பார்த்தோம்.

## இயற்கை நிறம்: நான்கு வழிகள்

இயற்கை நிறம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம், ஆனால் உள்ளே போனால் நான்கும் நான்கு குணம்.

### எண்ணெய்

ஹார்டுவேர் கடையில் 'டபுள் பாயில்டு லின்சீட் ஆயில்' (சீக்கிரம் காயும்படி செய்த ஆளி விதை எண்ணெய்) என்று கேட்டால் கிடைக்கும், டங் ஆயில் ஆன்லைனில் கிடைக்கிறது. இரண்டும் காற்றுப் பட்டு இறுகும் எண்ணெய்கள். நல்லெண்ணெயையும் தேங்காய் எண்ணெயையும் இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். தேங்காய் எண்ணெய் இறுகவே இறுகாது. பள்ளத்துக்குள் பிசுபிசுப்பாகத் தங்கி, தூசியைப் பிடித்து, கடைசியில் காறிப்போன வாடையும் வரும். சமையலுக்கு விற்கிற ஆளி விதை எண்ணெய் இறுகும், ஆனால் வாரக்கணக்கில் ஆகும்.

எண்ணெயின் அழகு அதன் ஆழம். மரம் கொஞ்சம் ஈரமானது போல் உயிரோடு தெரியும், பூச்சுப் படலம் எதுவும் மேலே உட்காராது, வரம்புகளின் கூர்மை அப்படியே இருக்கும். ஆனால் குறுக்கே வெட்டுப்பட்ட இழைகள் ஸ்டெயினைக் குடிக்கிற மாதிரியே எண்ணெயையும் குடிக்கும். அதனால் அந்தச் சரிவுகள் ஒரு சாயல் கருக்கத்தான் செய்யும். ஸ்டெயின் அளவுக்கு மோசமில்லை, சில வடிவங்களில் அது அழகாகக்கூட இருக்கும். ஆனால் எண்ணெய் போட்டால் நிறம் மாறாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். லின்சீட் நாளாக ஆக மஞ்சளும் ஏறும், வெளிச்சம் குறைந்த மூலையில் இன்னும் அதிகமாக.

கண்ணுக்குத் தெரியாத செலவு இரண்டு. குடித்த எண்ணெய் மணிக்கணக்கில் பள்ளத்தின் அடியிலிருந்து திரும்பக் கசிந்து பளபளக்கும் புள்ளிகளாக நிற்கும், முதல் நாள் முழுக்க அடிக்கடி துடைக்க வேண்டும். அடுத்தது உண்மையான ஆபத்து: லின்சீட் நனைந்த பனியன் துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டால், இறுகும்போது வரும் சூட்டிலேயே அது தானாகத் தீப்பிடிக்கும். துணியை விரித்து வெளியே காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய டப்பாவில் போட்டு மூடுங்கள்.

### மெழுகு

தேன்மெழுகை மட்டும் தேய்ப்பது சுலபம், வாசனையும் நன்றாக இருக்கும். பாதுகாப்பு என்று பார்த்தால் கிட்டத்தட்ட எதுவுமில்லை, பள்ளங்களின் மூலையில் மெழுகு தங்கி வெள்ளையாகக் காய்ந்து நிற்கும். பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து எடுக்கலாம், ஆனால் பூ பூவாகச் செதுக்கிய பெரிய தட்டில் அது பொறுமையைச் சோதிக்கும் வேலை. இன்னொன்றையும் கவனியுங்கள்: மெழுகு போட்ட மரத்தில் பிறகு எந்தப் பூச்சும் ஒழுங்காகப் பிடிக்காது. மெழுகைக் கடைசிப் பூச்சாக மட்டும் வையுங்கள், தொடக்கமாக வைக்காதீர்கள்.

### அரக்கு

எனக்குப் பிடித்தது இதுதான். நம் நாட்டுச் சரக்கு, ஜார்க்கண்ட் பக்கத்துக் காடுகளில் அரக்குப் பூச்சி மரக்கிளையில் விட்டுச்செல்வதைச் சேகரித்து எடுப்பது. பழைய பாலிஷ்காரர்கள் ஸ்பிரிட்டில் ஊறவைத்துத் துணிப்பொட்டணத்தால் தேய்த்த அதே அரக்கு. நமக்கு மிக மெல்லிய கரைசல் போதும். ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 100 முதல் 120 கிராம் வரை, அதைவிடக் கெட்டி வேண்டாம். மென்மையான பிரஷ்ஷை லேசாகத் தொட்டுப் பூசினால் நிமிஷங்களில் காய்ந்துவிடும், அரை மணி நேரத்தில் அடுத்த கோட் போடலாம். வேகமாகக் காய்வதால் பள்ளத்தின் அடியில் ஓடித் தேங்க நேரம் கிடைப்பதில்லை.

வெளுத்த அரக்கு மரத்தின் வெண்மையை ஏறக்குறைய அப்படியே வைக்கும். ஆரஞ்சு அரக்கு தேன் நிறத்தை மெல்ல ஏற்றும், ஸ்டெயின் கேட்டு வந்த பலருக்கு உண்மையில் இந்தத் தேன் நிறம்தான் தேவையாக இருந்திருக்கிறது.

குறைகளும் உண்டு. சூடான டம்ளர் வைத்தால் தடம் விழும், ஸ்பிரிட் பட்டால் கரையும். கரைத்து வைத்தது ஆறு மாதத்துக்கு மேல் நம்பகமில்லை, காயாமல் ஒட்டும். அப்புறம் நம் கடலோர ஊர்களின் பிரச்சினை ஒன்று: ஐப்பசி, கார்த்திகை மழையில் பூசினால் ஸ்பிரிட் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் படிந்து பால் போல வெளுத்துவிடும். வெயில் ஏறிய பத்து மணிக்கு மேல் பூசுங்கள், மழை நாளாக இருந்தால் அன்று வேறு வேலை பாருங்கள்.

### மேட் லேக்கர், வார்னிஷ்

சாண்டிங் சீலரும் மேட் லேக்கரும் எந்த ஊர் பெயின்ட் கடையிலும் கிடைக்கும். ஸ்பிரே டப்பாவில் வருவது இந்த வேலைக்கு மிக ஏற்றது: தூரத்திலிருந்து மெல்லிய தூறலாக மூன்று முறை, ஒவ்வொரு முறையும் பலகையைத் திருப்பி வைத்து, எல்லாச் சரிவுக்கும் எட்டும்படி. பிரஷ்ஷால் கெட்டி வார்னிஷ் பூசினால் பள்ளத்தின் அடியில் குளம் கட்டும். கூரான அடிக்கோடு உருண்டுபோய், உள்ளே கண்ணாடித் துளி போல மினுங்கும். மினுமினுப்பு எதுவானாலும் நிழலுக்குப் பகை, நிழல் விழ வேண்டிய சுவரில் வெளிச்சம் பட்டுத் தெறித்தால் வடிவம் உடைந்துபோகும். மேட் அல்லது சாட்டின் மட்டும் வாங்குங்கள்.

மெலமைன் வேண்டாம் என்பேன். மேசைக்கும் கட்டிலுக்கும் நன்றாக இருக்கும், ஆனால் அது தடித்த படலம், செதுக்கலின் கூர்மையை விழுங்கிவிடும்.

### இயற்கை நிறம் கேட்கும் விலை

நான்குக்கும் பொதுவான மறைச் செலவு சுத்தம். வெளிர் மரத்தில் வியர்வைக் கை பட்ட இடமெல்லாம் பூச்சு போட்டதும் சாம்பல் நிறமாகத் தெரியும். பென்சில் கோடு ஒன்று மிச்சமிருந்தாலும் பூச்சுக்கு அடியில் நிரந்தரமாகப் பூட்டப்படும். வெள்ளை ரப்பரால் ஒவ்வொரு வரம்பையும் பார்த்துப் பார்த்து அழிக்க வேண்டும், அதுவும் வரம்பு உடையாமல். செதுக்கலுக்கு ஆன நேரத்தில் கணிசமான பங்கு இதற்கே போகும், அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு தேர்ந்தெடுங்கள். கத்தி தவறிய இடமும் மறைக்க வழியில்லாமல் தெரியும்.

## ஸ்டெயின்: மூன்று வழிகள்

### சீலருக்கு மேல் கிளேஸ்

ஸ்டெயின் போடத்தான் வேண்டும் என்றால் நான் கைகாட்டுவது இதை. முதலில் மெல்லிய அரக்கோ சாண்டிங் சீலரோ இரண்டு கோட், குழாய் வாய்கள் எல்லாம் அடைபடும் அளவுக்கு. நன்றாகக் காய்ந்த பிறகு, கிளேஸாக, அதாவது சீலர் மேல் தங்கும் நிறப்பூச்சாக, ஜெல் ஸ்டெயின் (கெட்டியான ஸ்டெயின்). அது கிடைக்காத ஊரில் ஓவியப் பொருள் கடையில் பர்ன்ட் அம்பர் ஆயில் கலர் டியூப் வாங்கி, கொஞ்சம் லின்சீட்டும் டர்பன்டைனும் சேர்த்துக் குழைத்துக்கொள்ளுங்கள். அம்பரில் இருக்கும் மாங்கனீஸ் எண்ணெயைச் சீக்கிரம் காயவைக்கும் என்பதால் அது வசதியான நிறமும்கூட. பிரஷ்ஷால் எல்லாப் பள்ளத்துக்குள்ளும் தேய்த்து, சில நிமிஷம் விட்டு, தட்டையான கட்டையில் இறுக்கிச் சுற்றிய பனியன் துணியால் மேற்பரப்பை மட்டும் துடையுங்கள். கடைசியாக ஒரு காய்ந்த பிரஷ்ஷால் பள்ளத்துக்குள் அதிகமாக நிற்பதை இழுத்து எடுங்கள்.

இப்படிச் செய்யும்போது நிறம் மரத்துக்குள் போவதில்லை. அடிக்கோட்டில் அடர்த்தியாகவும் மேலே வர வர மெலிதாகவும் படியும், அதாவது நிழல் எங்கே விழ வேண்டுமோ அங்கேயே. டியூப் லைட் கூடத்துக்கு இது சரியான மருந்து.

விலை? நேரம்தான் முதலில். சீலர், கிளேஸ், அது முழுக்கக் காயும் நாட்கள், அதன் மேல் காப்புக் கோட் என்று வேலை இழுக்கும். அவசரப்பட்டு, காயாத எண்ணெய்க் கிளேஸ் மேல் தின்னர் கலந்த லேக்கரை அடித்தால் கிளேஸ் சுருங்கி எழும்பிவிடும். பசையும் இங்கே எதிரி. உடைந்த முனையை ஃபெவிகால் வைத்து ஒட்டும்போது பிதுங்கியதைத் துடைத்திருப்பீர்கள், கண்ணுக்கு எதுவும் தெரியாது. நேராக ஸ்டெயின் போட்டால் அந்த இடம் வெள்ளைத் தேமலாக நிற்கும், சீலர் மேல் போடும்போது பெரும்பாலும் தப்பித்துவிடலாம். இன்னொரு விஷயம், பென்சிலை அழுத்தி வரைந்திருந்தால் கோட்டை அழித்தாலும் பள்ளம் அழியாது. கிளேஸ் அதில் போய் நின்று பழைய வரைபடத்தை முழுசாகக் காட்டிக்கொடுக்கும். நிறம் ஏற்றப்போவது முன்பே தெரிந்தால் மென்மையான பென்சிலால் பட்டும் படாமலும் வரையுங்கள்.

நாளைக்குக் கீழே விழுந்து ஒரு முனை உடைந்தால் உள்ளே இருக்கும் வெள்ளை மரம் எட்டத்திலிருந்தே தெரியும். இயற்கை நிறத்தில் அந்தக் காயம் அவ்வளவாக உறுத்தாது.

### முதலில் நிறம், பிறகு செதுக்கல்

பலகைக்கு நிறம் ஏற்றி, காய்ந்த பிறகு செதுக்குவது. கருத்த தளத்தில் வெட்டிய இடமெல்லாம் வெள்ளையாகப் பளிச்சிடும். ஸ்காண்டிநேவியப் பக்கம் மரக்கரண்டியின் காம்புக்கு மில்க் பெயின்ட் (பால் புரதம் சேர்த்துச் செய்யும் பெயின்ட்) பூசி, அதன் மேல் செதுக்கி இதே விளைவைக் கொண்டுவருகிறார்கள். பெயர்ப்பலகைக்கும் எழுத்துகளுக்கும் இதைவிடத் தெளிவான வழி இல்லை. தெரு வெளிச்சம் எப்படி விழுந்தாலும் எழுத்து படிக்கக் கிடைக்கும், ஏனென்றால் இங்கே வேலை செய்வது நிழலில்லை, நிற வேறுபாடு.

ஆனால் கை தவறவே கூடாது. கத்தி நுனி ஒரு நூல் அளவு வழுக்கினாலும் கரும்பரப்பில் வெள்ளைக் கீறல். கறுப்பில் பென்சில் தெரியாது, வெள்ளைப் பென்சிலோ வெள்ளைக் கார்பனோ வேண்டும். ஆழமாக ஊறும் ஸ்டெயினைவிட மேலேயே நிற்கும் பெயின்ட்தான் இதற்கு நல்லது, இல்லாவிட்டால் ஒவ்வொரு பள்ளத்தின் விளிம்பிலும் ஒரு கருங்கோடு இறங்கியிருக்கும். கடைசிக் காப்புக் கோட்டையும் பிரஷ்ஷால் பூசாமல் ஸ்பிரே செய்யுங்கள், இல்லையென்றால் நிறம் கரைந்து வெள்ளைப் பள்ளத்துக்குள் ஒழுகலாம்.

### கடுக்காயும் இரும்பும்

கலம்காரித் துணியில் கறுப்பு எடுக்கிற முறையே மரத்திலும் வேலை செய்யும். கடுக்காய்த் தண்ணீர் பூசி, அது காய்ந்ததும் வினிகரில் இரும்பு ஊறிய கரைசலைப் பூசினால் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து கறுக்கும். பாஸ்வுட்டில் இயற்கையாகத் துவர்ப்புச் சத்து குறைவு, அதனால் கடுக்காய் தேவைப்படுகிறது. கிடைக்கிற கறுப்பு அருமையானது. ஆனால் இரண்டு முறையும் தண்ணீர் என்பதால் நார் எழும்பும். செதுக்குவதற்கு முன் பலகைக்கு நிறம் ஏற்ற இதைப் பயன்படுத்துங்கள், செதுக்கிய வேலையில் வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| வழி | நிழலுக்கு | மறைச் செலவு | எங்கே பொருந்தும் |
|---|---|---|---|
| எண்ணெய் | நல்லது, சில சரிவு கருக்கும் | கசிவு, தீ அபாயம், மஞ்சள் | கரண்டி, கையில் புழங்குவது |
| அரக்கு | மிக நல்லது | மழைக்கால வெளுப்பு, சூடு ஆகாது | சுவர்ப்பலகை, பெட்டி |
| மேட் லேக்கர் ஸ்பிரே | நல்லது | வாடை, டப்பா விலை | அடிக்கடி துடைக்கும் பொருள் |
| சீலர் மேல் கிளேஸ் | நிழலைக் கூட்டும் | நேரம், உடைந்தால் வெள்ளைக் காயம் | நேர் வெளிச்சச் சுவர், ஆழம் குறைந்த செதுக்கல் |
| நிறம் ஏற்றிச் செதுக்கல் | நிழலை நம்பாது | தவறினால் திருத்தமில்லை | பெயர்ப்பலகை, எழுத்து |
| வெறும் மரத்தில் ஸ்டெயின் | கெடுக்கும் | வேலை முழுவதும் | எங்கும் வேண்டாம் |

## இது புதுச் சண்டை இல்லை

ஜெர்மனியின் மூனர்ஸ்டாட் ஊர்த் தேவாலயத்துக்கு டில்மன் ரீமன்ஷ்னைடர் 1490க்கும் 1492க்கும் இடையே லிண்டன் மரத்தில் ஒரு பீடச் சிற்பத் தொகுதி செய்து கொடுத்தார். வண்ணமும் தங்கமும் பூசுவது அந்தக் காலத்து வழக்கம், அவர் அப்படிப் பூசாமல் மரமாகவே தெரியும்படி விட்டார். அது சிப் கார்விங் இல்லை, முழுச் சிற்பம். ஆனால் மரம் அதே குடும்பம், கேள்வியும் அதே கேள்வி. ஊராருக்கு மர நிறம் போதவில்லை. 1504 வாக்கில் ஃபைட் ஷ்டோஸ் என்ற இன்னொரு பெரிய சிற்பியை வைத்து அதற்கு வண்ணம் தீட்டிவிட்டார்கள். அதே ரீமன்ஷ்னைடர் ரோத்தன்பர்க் தேவாலயத்துக்குச் செய்த பீடம் வண்ணம் பூசாமலே இன்றும் நிற்கிறது, முகங்களின் ஒவ்வொரு மடிப்பையும் வெளிச்சமே வரைந்து காட்டுகிறது. வண்ணமில்லாமல் நிற்க வேண்டிய சிற்பத்தில் நிழலுக்காகவே உளி இன்னும் நுணுக்கமாகப் போக வேண்டியிருந்தது. நம் சின்னப் பலகைக்கும் அது பொருந்தும், இயற்கை நிறத்தில் விடப்போகிறீர்கள் என்றால் ஆழத்தையும் சாய்வையும் முதல் சில்லிலிருந்தே தாராளமாக வையுங்கள்.

## யாருக்கு எது

மரக்கரண்டி, ரொட்டித் தட்டு போலச் சாப்பாட்டில் படுவது என்றால் டங் ஆயில், அல்லது உலோக உலர்த்திகள் சேர்க்காத சமையல் ஆளி விதை எண்ணெய். முழுக்க இறுகும்வரை சில வாரங்கள் காத்திருந்துதான் பயன்படுத்த வேண்டும். ஸ்டெயின் கூடவே கூடாது.

கல்யாணப் பரிசுக்குச் செய்த நகைப்பெட்டி என்றால் அரக்கு, அதன் மேல் மிக மெல்லிய மெழுகு. பெட்டி கை மாறி மாறிப் புழங்கும் என்றால் மெழுகை விட்டுவிட்டு மேட் லேக்கர்.

தாத்தா பாட்டி காலத்துச் சாமான்கள் உள்ள கூடத்தில் புதிதாக ஒரு வெள்ளைப் பலகை துருத்திக்கொண்டு தெரிகிறது என்றால் கிளேஸ் நியாயம்தான். ஆனால் பாஸ்வுட் வெளிச்சத்தில் ஆண்டுகள் போகப் போகத் தானாகவே இளம்பழுப்பாக மாறும். பொறுக்க முடிந்தால் ஆரஞ்சு அரக்கு போட்டுவிட்டுக் காத்திருங்கள்.

முதல்முதலாகச் செதுக்கியது, கோடுகள் அங்கங்கே தவறியிருக்கிறது என்றால், நிறம் ஏற்றி மறைக்கலாம் என்று நினைக்காதீர்கள். தவறிய வெட்டுக்குள்தான் கிளேஸ் முதலில் போய் நிற்கும். இயற்கை நிறத்தில் அது வெறும் கீறல், நிறத்தில் அது கறுப்புக் கோடு.

இன்னும் முடிவு வரவில்லையா? அப்படியானால் மெல்லிய அரக்கு இரண்டு கோட் மட்டும் போட்டு, எங்கே மாட்டப்போகிறீர்களோ அங்கேயே ஒரு வாரம் வையுங்கள். பகலில் பாருங்கள், ராத்திரி விளக்கில் பாருங்கள். பிடித்திருந்தால் வேலை முடிந்தது. நிழல் போதவில்லை என்றால் அதன் மேலேயே கிளேஸ் போடலாம், அரக்குதான் சீலர் வேலையை ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறதே. ஸ்டெயினிலிருந்து இயற்கை நிறத்துக்குத் திரும்ப வழியே கிடையாது, அரக்கு போட்ட இயற்கை நிறத்திலிருந்து ஸ்டெயினுக்குப் போக எப்போதும் வழி இருக்கிறது.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் அதே பலகையின் மிச்சத் துண்டில் ரேகை வாக்கில் ஒரு இதழ், குறுக்கே ஒரு இதழ் செதுக்கி, பாதியில் ஒன்றும் பாதியில் இன்னொன்றும் பூசிப் பாருங்கள். வேறு பலகைத் துண்டில் பார்த்தது கணக்கில் வராது, ஒரே கடையில் வாங்கிய இரண்டு பாஸ்வுட் பலகைகள்கூட ஒரே மாதிரி குடிப்பதில்லை.

## ஏற்கெனவே நேராக ஸ்டெயின் போட்டுவிட்டவர்களுக்கு

திட்டுத்திட்டாகிவிட்டது என்றால் முதலில் தாளை எடுக்காதீர்கள், கெட்டது போதும், வரம்பையும் இழக்க வேண்டாம். நன்றாகக் காயவிட்டு, மெல்லிய அரக்கு இரண்டு கோட் போட்டு அடையுங்கள். பிறகு, போட்ட ஸ்டெயினைவிட ஒரு படி அடர்ந்த கிளேஸ் எடுத்து எல்லாப் பள்ளத்துக்கும் ஒரே அளவாகப் போட்டு, மேற்பரப்பை நன்றாகத் துடையுங்கள். வெளிறி நின்ற இதழ்களும் கருத்தவையும் ஒன்றுக்கொன்று நெருங்கி வரும். முழுக்கச் சமமாகாது, ஆனால் எட்ட நின்று பார்க்கும்போது பூ மறுபடியும் ஒரே பூவாகத் தெரியும். அப்படியும் திருப்தி இல்லை என்றால் பலகை முழுவதையும் ஒரே நிற மேட் பெயின்ட்டால் மெலிதாக ஸ்பிரே செய்துவிடுங்கள். ரேகை மறைந்துபோகும், நிழல் திரும்பி வந்துவிடும்.